நூறு டன்னுக்கு ராஜா வேணும்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 'உலக அதிசயங்கள்' என்று ஒரு ப்ராஜெக்ட். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு விழுந்தது மச்சு பிச்சு. தாஜ்மஹால் விழுந்திருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். என்ன செய்ய, உலக உருண்டையைச் சுற்றிப் பெரு நாட்டைத் தேடுவதிலிருந்து ஆரம்பித்தோம். அதிலேயே ஒரு சின்ன ஆச்சரியம். நாங்கள் குப்பை கொட்டும் சந்தாபுரா பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 13 டிகிரி. இன்காக்களின் தலைநகரான குஸ்கோ தெற்கே 13.5 டிகிரி.

அப்புறம் வழக்கம்போல யூடியூப். மூன்றாவது வீடியோவிலேயே வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கிவிட்டார்கள். இரும்பு கிடையாது, வண்டிச் சக்கரம் கிடையாது, எழுத்து கிடையாது, இவர்களா நூறு டன் கல்லை நகர்த்தியிருப்பார்கள் என்று ஒரு கட்டைக்குரல். பின்னால் திகில் இசை வேறு. இந்தக் கதை புதுசும் இல்லை. 1968இல் எரிக் வான் டேனிகன் புத்தகம் போட்டு உலகம் பூராவும் விற்றது. அன்றைக்குக் கிளம்பிய பூதம் இன்னும் பாட்டிலுக்குள் போகவில்லை.

மகள் திரும்பி, "தாத்தா, இதெல்லாம் ஏலியன்ஸ் கட்டினதாம்" என்றாள்.

"யாரு?"

"ஏலியன்ஸ் தாத்தா. வேற கிரகத்து ஆளுங்க."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஏன், அவங்க ஊர்ல கல்லு இல்லையாமா?"

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு எங்கள் மலையிலிருந்துதான் கல் போனது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அப்பா 14 வயதில் கல் உடைக்கப் போனவர். நாற்பது வருஷம் அதே வேலை. உளி, சம்மட்டி, ஆப்பு, பிற்பாடு ஜாக்ஹாமர், வெடி. இடது காது வெடிச் சத்தத்தில் போய்விட்டது, வலது காது பாதி. அந்தக் காசில் நான் இன்ஜினியரிங் படித்து எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா தவறிய பிறகு அவரை இங்கே கூட்டி வந்துவிட்டோம்.

கன்னடம் வராது. அபார்ட்மெண்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. சாயங்காலமானால் ஆனேக்கல் ரோடு பிரிகிற இடத்தில் போய் நிற்பார். ஜிகணியில் இருக்கும் கிரானைட் ஃபாக்டரிகளுக்குப் போகிற லாரிகளைப் பார்க்கத்தான். வீடு உயரத்துக்கு ஒற்றைக் கல்லைச் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள், பக்கவாட்டில் பெயிண்டில் நம்பரும் அளவும் எழுதியிருக்கும். திரும்பி வந்து, "இன்னிக்கு ஒரு கறுப்பு போச்சு. நல்ல கல்லு, ஒரு ஓட்டம் இல்ல" என்பார். ஓட்டம் என்றால் உள்ளே ஓடும் விரிசல். நமக்கு ஸ்டாக் மார்க்கெட் மாதிரி அவருக்கு அது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மகள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். குஸ்கோவுக்கு மேலே குன்றின் மீது இருக்கும் சக்சய்வமான் சுவர். 15ஆம் நூற்றாண்டில் பச்சகூத்தி என்ற இன்கா அரசர் காலத்தில் தொடங்கியது. யானை யானையாகக் கற்கள். நடுவில் சாந்து கிடையாது. நாலு மூலைச் சதுரமும் கிடையாது, ஐந்து மூலை, ஏழு மூலை என்று இஷ்டத்துக்குப் போகிறது, ஆனால் ஒன்றோடு ஒன்று அப்படியே கவ்விப் பிடித்திருக்கிறது. (குஸ்கோவில் ஒரு தெருச் சுவரில் 12 மூலை உள்ள கல் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கவே கூட்டம்.)

"கிட்டக்க கொண்டா" என்றார். பெரிதாக்கிக் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு திரையில் படும் அளவுக்குப் போய்ப் பார்த்தார்.

"கொத்தியிருக்கான்டா. அம்மி கொத்தினாப்ல இருக்கு பாரு. நடுவுல பெரிய கொத்து. ஓரத்துல பொடிக் கொத்து. ஓரத்துக்கு வந்ததும் சின்னதா வேற எடுத்திருக்கான். பெருசால ஓரத்துல போட்டா சில்லு பேந்துரும்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதையே நான் முந்தின நாள் ராத்திரி படித்திருந்தேன். பெர்க்லியில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த ஜான்-பியர் ப்ரோட்சன் 1980களில் இன்கா குவாரிகளில் அலைந்து ஆராய்ந்தவர். அந்தக் குவாரிகளில் அந்த இடத்துக்குச் சம்பந்தமில்லாத, ஆற்றில் உருண்டு வந்த கெட்டியான உருண்டைக் கற்கள் கிடப்பதைக் கவனித்தார். அவைதான் சுத்தியல். நாலு கிலோ கனமுள்ள ஒன்றை எடுத்து, ஒரு முழத்துக்கும் குறைவான ஆண்டிசைட் கல்லைத் தானே கொத்திப் பார்த்தார். ஓங்கி அடிக்கக்கூட வேண்டாம், தன் எடையில் விழவிட்டால் துள்ளி எழும், பிடித்துத் திரும்ப விடலாம். மூன்று பக்கம் சமன் செய்ய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. ஓரத்தில் தழும்புகள் சின்னதாக இருப்பதற்கு அவர் சொன்ன காரணமும் அப்பா சொன்னதுதான். பேராசிரியரைக் குறைத்துச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்தில் தியரி எழுதாமல் கல்லைக் கையில் எடுத்த மனுஷன், அதற்கே ஒரு கும்பிடு.

"கொத்தினது சரிப்பா, இவ்வளவு ஒட்டிப் பொருத்தினது எப்படி?"

"கோயில் வேலை பாக்குறவன் காவி தடவி வைப்பான். மேல் கல்ல வச்சு எடுத்தா எங்க இடிக்குதோ அங்க காவி அழிஞ்சிருக்கும். அந்த எடத்தக் கொத்து. திரும்ப வை. திரும்ப எடு. பத்து வாட்டியோ இருவது வாட்டியோ. பொறுமைதான் வேணும், வேற ஒண்ணும் வேணாம்."

இன்காக்கள் காவி தடவினார்களா என்பது தெரிய வழியில்லை. ஆனால் ப்ரோட்சன் தன் சோதனையில் செய்தது இதே மாதிரிதான். கல்லை வைத்து எடுத்தால் கொத்தின தூள் எங்கே நசுங்கியிருக்கிறது என்று பார்த்து அங்கே மறுபடி கொத்தினார்.

இப்படிக் கவ்வி நிற்கும் சுவருக்கு இன்னொரு லாபம். அது நிலநடுக்க பூமி. 1950 மே மாதம் குஸ்கோ குலுங்கியபோது, இன்காக்களின் சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவின் மேல் ஸ்பானியர்கள் கட்டியிருந்த சாந்தோ தொமிங்கோ தேவாலயமும் மடமும் பலமாகச் சேதமாயின. அடியில் இருந்த இன்கா சுவர் அப்படியே நின்றது. சுவர்கள் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும், வாசலும் மாடமும் மேலே குறுகியிருக்கும். குலுங்கினால் கற்கள் ஆடிவிட்டுப் பழைய இடத்திலேயே உட்காரும்.

ஏலியன் கேஸ் அத்தோடு தள்ளுபடி. மகள் நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் மாட்டிக்கொண்டது வேறோர் இடத்தில்.

ஒயந்தைதாம்போ என்று குஸ்கோவுக்கு வடமேற்கே ஓர் ஊர். மலைச்சரிவில் பாதியில் நின்றுபோன ஒரு கோயில் வேலை. கல் வந்தது ஆற்றுக்கு எதிர்ப்புறம் உயரத்தில் இருக்கும் கச்சிக்காத்தா குவாரியிலிருந்து. மலையிலிருந்து இறக்கி, உருபாம்பா ஆற்றைக் கடத்தி, மறுபடி இந்தப் பக்கம் சரிவுப்பாதை போட்டு ஏற்றியிருக்கிறார்கள். மாடு கிடையாது, குதிரை கிடையாது. இருந்த ஒரே பொதி மிருகம் லாமா, அது முப்பது கிலோவுக்கு மேல் வைத்தால் உட்கார்ந்துவிடும். ஆக, கயிறும் ஆளும்தான். அந்தப் பாதை நெடுக, போய்ச் சேராத கற்கள் டஜன் கணக்கில் இன்னும் கிடக்கின்றன. அவற்றுக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. களைத்த கற்கள்.

இதே பெயரில் சக்சய்வமானைப் பற்றியும் ஒரு கதை உண்டு. இன்கா இளவரசிக்கும் ஸ்பானியப் படைத்தலைவனுக்கும் 1539இல் குஸ்கோவில் பிறந்த கார்சிலாசோ தே லா வேகா, 1609இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதுகிறார். கோட்டைக்காக இழுத்து வந்த ஒரு பெரும் கல், வழியிலேயே களைத்துப் போய் ரத்தக் கண்ணீர் வடித்ததாம், கோட்டைக்குப் போய்ச் சேரவே இல்லையாம். வாமன் போமா என்ற இன்னொருவர் 1615 வாக்கில் இதைப் படமாகவே வரைந்திருக்கிறார். வரிசையாக ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கிறார்கள், கல் அழுகிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கல்லு களைச்சுப் போச்சாம்பா. ரத்தமா அழுதுச்சாம்."

அவர் உடனே கேட்டார். "எத்தன பேரு?"

அடுத்த வரியை நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வரி இதுதான். இருபதாயிரம் பேர், பாதிப் பேர் முன்னால் இழுக்க, பாதிப் பேர் பின்னால் சரிந்துவிடாமல் பிடிக்க, ஒரு மேட்டில் பிடி நழுவிக் கல் சரிந்தது. மூவாயிரம் நாலாயிரம் பேர் போய்விட்டார்கள் என்கிறார் கார்சிலாசோ. எண்ணிக்கை ஊதியதாக இருக்கலாம். செத்தது பொய்யில்லை என்று நினைக்கிறேன்.

"பின்ன, கல்லுல ரத்தம் வந்தா அது கல்லோட ரத்தமா?" என்றார் அப்பா.

அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, மகள் தூங்கப் போன பிறகு, அவராகவே சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத கதை. 1983இல் அவர் வேலை பார்த்த குவாரியில் ஒரு சரிவில் கல் இறக்கும்போது கடப்பாரை நழுவி இரண்டு பேர் அடியில் போய்விட்டார்கள். ஒருத்தர் அப்பாவுக்குச் சம்மட்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். காண்ட்ராக்டர் வீட்டுக்கு மூவாயிரம் கொடுத்தார். போலீஸ் வரவில்லை. "அந்தக் கல்ல அப்புறம் யாரும் தொடல. உடைக்கச் சொன்னான், நாங்க மாட்டேன்னுட்டோம். இன்னும் அங்கதான் கெடக்கு. ஆடி மாசம் அந்த வீட்டுப் பொம்பளைக வந்து சூடம் காட்டிட்டுப் போவாக."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல.

மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். கல்காரர்கள் கணக்கு கன அடியில்தான். ஒரு கன அடி கிரானைட் 75 கிலோ சொச்சம். "ரெண்டு டன்னுன்னா இருவத்தஞ்சு ஆளு, உருட்டுக்கட்டை, வடம். நம்ம ஊரு ஆளே போதும். பத்து டன்னுன்னா நாலு ஊரக் கூப்புடணும், சோறு போடணும். நூறு டன்னுங்கிறியே…" என்று இழுத்தார். "நூறு டன்னுக்கு ராஜா வேணும்டா."

நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. கல்லின் எடையைப் பார்த்தால் அந்த ஊரில் யார் யாருக்குக் கட்டளை போட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

இன்கா நாட்டில் பணம் கிடையாது. வரி என்றால் உழைப்பு. அதற்குப் பெயர் மித்தா. ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து அரசருக்கு வேலை செய்ய வேண்டும். யார் வந்தார், யார் வரவில்லை என்பதற்கெல்லாம் கணக்கு, கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில். பதிலுக்கு அரசர் சோறும் மக்காச்சோள பீரும் கொடுக்க வேண்டும், அதற்காகவே மலைச்சரிவுகளில் வரிசையாகக் களஞ்சியங்கள். இப்படிக் கேட்டால் ஏதோ நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்றால் முடியாது. ஸ்பானியர்கள் வந்து மற்றதையெல்லாம் இடித்தார்கள், இதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 1570களிலிருந்து அதே மித்தா என்ற பெயரில்தான் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆட்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். சோறு போடுகிற பகுதியை மட்டும் மறந்துவிட்டார்கள்.

நம் பக்கமும் ஒன்றும் வித்தியாசமில்லை. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் வருகிறதே, கூலியில்லாத வேலை, அது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. 1010இல் முடிந்த பெரிய கோயிலில் தலைமைத் தச்சர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். விளக்குக்கு ஆடு கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. மலையிலிருந்து கல் இழுத்தவர்கள் பெயர் கிடையாது. (உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்று ஃபார்வர்ட் மெசேஜ் வரும்போதெல்லாம் அப்பாவுக்குக் கோபம் வரும். அது பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் வாட்ஸ்அப்பில் யார் கேட்கிறார்கள்!)

"ரெண்டு டன்னுக்கு ஊரு போதும்" என்றாரே, அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ராஜா இல்லாமல் ஊராரே தூக்கி வைத்த கல் எங்கே இருக்கிறது? தேடினால் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரம். இரும்புக்காலத்துக் கல்திட்டைகள், அதாவது செத்தவர்களுக்காகப் பலகைக் கல்லால் கட்டிய அறைகள், ஒரு குன்று முழுக்க. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அப்பாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். (வழியில் ஓர் ஊகம். பெங்களூரில் பொம்மசந்திரா, சிங்கசந்திரா, திப்பசந்திரா என்று வருகிற 'சந்திரா' எல்லாம் 'சமுத்திரம்', அதாவது ஏரி. மல்லச்சந்திரமும் அந்த வகையறாவாகத்தான் இருக்க வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் சந்திரா, அந்தப் பக்கம் சந்திரம்.)

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். மேலே போனால் மொட்டைப் பாறையில் சின்னச் சின்ன வீடுகள் மாதிரி நிற்கின்றன. நாலு பக்கம் பலகை, மேலே ஒரு மூடுபலகை. ஒரு பக்கப் பலகையில் வட்டமாகத் துளை, அதற்கு இடுதுளை என்று பெயர். சிலவற்றைச் சுற்றி வட்டமாகவும் பலகைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் சில திட்டைகளின் உள்சுவரில் வெள்ளை நிறத்தில் கோட்டோவியங்களும் உண்டு. நிறைய சரிந்து கிடக்கிறது. யாரோ புதையல் தேடித் தோண்டியிருக்கிறார்கள், யாரோ காதலி பெயர் எழுதியிருக்கிறார்கள்.

அப்பா ஒரு கூழாங்கல்லை எடுத்து மூடுபலகையைத் தட்டினார். வலது காதை அதன் மேல் வைத்தார். மறுபடி தட்டினார்.

"நெருப்பு வச்சு எடுத்தது."

இதை அவர் சின்ன வயதில் செய்திருக்கிறார். பாறை மேல் விறகை அடுக்கிக் கொளுத்தி, நெருப்பை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சூட்டில் மேல் அடுக்கு உப்பி, வெங்காயத் தோல் மாதிரி அடியை விட்டுப் பிரியும். எங்கே வரை பிரிந்திருக்கிறது என்பதைத் தட்டிக் கேட்டே கண்டுபிடிப்பார்கள், பிரிந்த இடம் 'தொண்'ணென்று சொல்லும். பிறகு அந்தப் பலகையை வேண்டிய அளவுக்கு உடைத்துக்கொள்ளலாம். 1895இல் 'நேச்சர்' இதழில் வார்த் என்ற வெள்ளைக்காரர் பெங்களூரில் இப்படிக் கல் எடுப்பதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். பாறையின் சத்தத்தைக் கேட்டுத் தொழில் செய்த ஆள், வெடி வந்த பிறகு அந்தக் காதையே தொலைத்தார் என்பதை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் காட்டினார். நாலு பலகையும் மூலைக்கு மூலை முட்டவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது, மேலிருந்து பார்த்தால் காற்றாடி மாதிரி. ஸ்வஸ்திக வடிவம் என்று தொல்லியல் புத்தகங்களில் போட்டிருப்பது இதுதான், சித்திரதுர்கா பக்கம் பிரம்மகிரியில் 1947இல் வீலர் தோண்டிய கல்லறைகளிலும் உண்டு. "ஒண்ணுக்கு ஒண்ணு முட்டுக் குடுத்திருக்கு. வெளியேர்ந்து மண்ணு தள்ளுனாலும் உள்ள விழாது. அவன் சாந்து போடல, இவனும் போடல" என்றார். அவன் என்றது இன்காவை. ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் சக தொழிலாளி ஆக்கிவிட்டார்.

துளையைத் தடவிப் பார்த்து, "இதுதான் கஷ்டம். ஒரே பக்கம் அடிச்சா பலகை ரெண்டாப் போயிரும். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கொத்திட்டு வந்து நடுவுல சேக்கணும்" என்று பேத்திக்குக் காட்டினார். இவர்களிடம் இரும்பு இருந்தது. இதே மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. தென்னாட்டுப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை, கி.மு. 1200க்குப் பிறகு என்பார்கள்.

பிறகு மூடுபலகையை முழம் போட்டு அளந்தார். எட்டடி, ஏழடி, அரை அடி கனம். 28 கன அடி. "ரெண்டு டன்னு, ஒரு நூறு கிலோ முன்னப்பின்ன." பேத்தியைப் பார்த்து, "ஊரு போதும்" என்றார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். இது பாண்டவர்கள் வனவாசத்தில் இருந்த வீடு என்றார். எல்லா ஊரிலும் இப்படித்தான். மறையூரில் முனியறை. நீலகிரியிலும் கர்நாடகத்திலும் மோரியர் வீடு, மோரியர் என்பவர்கள் குள்ளமான ஓர் ஆதி இனமாம். அடிப்படையில் ஏலியன் கதைக்கும் இதற்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. கட்டியவன் நம்மாளாக மட்டும் இருக்கவே முடியாது என்பது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாண்டவர் என்று நம்புகிறவர் அந்தக் கல்லைத் தொடப் பயப்படுகிறார், அதனால்தான் பாதியாவது மிச்சமிருக்கிறது. ஏலியன் கதை எந்தக் கல்லையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

அப்பா ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்தார். சுற்றுவட்டாரத்தில் எங்கோ குவாரியில் ஜாக்ஹாமர் சத்தம். அவருக்குக் கேட்டிருக்காது.

"நம்ம ஊர்லயும் இருந்துச்சுடா. கல்ல வட்டமா வச்சு, உள்ள பொட்டி மாதிரி. எழுவத்து நாலோ அஞ்சோ, ரோட்டு வேலைக்கு ஜல்லி வேணும்னு காண்ட்ராக்டர் சொன்னான். நாங்கதான் உடைச்சோம். உள்ள சட்டி, ஒரு துருப்பிடிச்ச கத்தி. என்னான்னு தெரியாது எங்களுக்கு. பெரியவரு ஒருத்தரு மட்டும், 'இத வச்சவனும் நம்மள மாதிரி கல்லுவேலைக்காரன்தான்டா'ன்னு சொல்லிட்டு அன்னிக்குக் கூலி வேணாம்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு."

சக்சய்வமானுக்கு நடந்ததும் அதுதான். ஸ்பானியர்கள் குஸ்கோவில் தேவாலயமும் மாளிகையும் கட்ட அந்தக் கோட்டையையே குவாரியாக்கினார்கள். தூக்க முடிந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு நாம் வாயைப் பிளந்து பார்ப்பது தூக்க முடியாமல் விட்டுப்போன மிச்சம்தான். இதைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். "அப்ப ராஜா கட்டுனது தப்பிச்சிருச்சு, ஊரு கட்டுனது ஜல்லியாப் போச்சு."

ஊரார் கட்டியதில் தப்பிய ஒன்று பெருவில் இருக்கிறது என்று மகள் குறுக்கே புகுந்தாள் (ப்ராஜெக்டுக்குப் படித்தது). அபூரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாகா என்று புல்லில் திரித்த கயிற்றுப் பாலம். ஒவ்வொரு ஜூன் மாதமும் சுற்றியிருக்கும் நாலு ஊர்க்காரர்கள் புல் அறுத்து, கயிறு திரித்து, பழையதை வெட்டி விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. கல் இல்லை, ராஜாவும் போய்ச் சேர்ந்தாச்சு, பாலம் மட்டும் ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக வருஷா வருஷம் புதுசு.

திரும்பும்போது அத்திப்பள்ளியிலிருந்து ஆனேக்கல் வழியாக வந்தோம். இளநீருக்காக நிறுத்திய இடத்தில் ஒரு மாட்டுக்கொட்டகை. நாலு குத்துக்கல், மேலே வரிசையாகக் கல் பலகை. இந்தப் பக்கம் இதைச் சப்படிக் கல் என்பார்கள். வேலிக்கும் அதுதான், பழைய வீட்டுக் கூரைக்கும் அதுதான். பெங்களூர் வந்து பதினாறு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். அப்பா இறங்கிப் போய்ப் பலகையின் விளிம்பைத் தடவினார். கொட்டகைக்காரப் பெரியவரிடம் தமிழில் ஏதோ கேட்டார், அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் மாறி மாறிப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் ஓடிவிட்டது. சந்தாபுரா வந்த இந்த இரண்டு வருஷத்தில் வெளியாளோடு அவர் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

ப்ராஜெக்டுக்கு ஏ கிரேடு. 'ஏலியன்கள் கட்டவில்லை' என்ற பக்கத்தில் அப்பாவின் கையைப் படம் எடுத்து ஒட்டியிருந்தாள். அது எதற்கு என்று மிஸ் கேட்டாராம் :-)

அடுத்து ஹிரே பெணகல். கொப்பள் மாவட்டம், கங்காவதிக்குப் பக்கம். நானூறு பெருங்கற்கால நினைவுச்சின்னங்கள், சில கல்திட்டைகள் ஆள் உயரத்துக்கும் மேல். 2021இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கிறது. அங்கே ஒரு பாறையின் உச்சியில் அரை உருண்டையாக ஒரு கல் முரசு உண்டு. மரக்கட்டையால் அடித்தால் ஒரு கிலோமீட்டர் வரை சத்தம் போகுமாம். இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கேக்குமா?"

டிசம்பரில் குளிர் விட்டதும், இல்லை, பள்ளி விடுமுறை விட்டதும் போகலாம் என்றிருக்கிறோம். கங்காவதிக்கு ராத்திரி பஸ் இருக்கிறது. அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், 74 வயசுக்காரர் ஏறக்கூடிய மலைதானா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.